பழ ஈச் சிற்றினங்களைச் சிறகின் வடிவ அளவுகளைக் கொண்டு பிரித்தறிய முடியுமா?

தும்பி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வேட்டுக்காகப் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், பாக்ட்ரோசெரா கரம்போலே ஆகிய இரண்டு பழ ஈச் சிற்றினங்களை உடலளவுகளின் துணையோடு பிரித்தறிய முயன்று வருகிறேன். சிறகின் முன்விளிம்பில் ஓடும் கரும்பட்டையின் அகலம், வயிற்றின் மேற்புறத்தில் உள்ள கருங்குறிகளின் வடிவம், பெண் ஈயின் முட்டையிடும் ஊசியின் நீளம் என்று கையேடுகள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இரண்டு சிற்றினங்களுக்கும் இடையே ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஒரு குறியைப் பார்த்து இது டார்சாலிஸ் என்று எழுதி வைத்தால், அடுத்த குறி கரம்போலே என்கிறது.

ஆகவே கரும்பட்டையின் அகலம் உட்பட எட்டு அளவுகளை 58 ஈக்களில் எடுத்தேன். அவற்றுள் டார்சாலிஸ் 31, கரம்போலே 27. டார்சாலிஸ் பெரும்பாலும் மெத்தில் யூஜெனால் என்ற கவர்பொருள் வைத்த பொறிகளில் விழுந்தவை. கரம்போலே ஈக்களோ பழங்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்து எடுக்கப்பட்டவை. எட்டு அளவுகளை இரண்டிரண்டாக வகுத்து 28 விகிதங்களாக்கி, கூட்டங்களைப் பிரித்துக்காட்டும் கணக்கு முறையான பிரித்தறி பகுப்பாய்வுக்குக் கொடுத்தபோது, இரண்டு கூட்டங்களும் நடுவில் இடைவெளி விட்டுத் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஒரே ஓர் ஈ மட்டும் தவறான பக்கத்தில் விழுந்தது. நான் மகிழ்ந்தேன். என் நெறியாளரோ, படம் இவ்வளவு அழகாக இருப்பதே தமக்கு ஐயத்தைத் தருகிறது என்று சொல்லிவிட்டு, காரணத்தை நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

என் ஐயங்கள் மூன்று. நீளங்களையும் விகிதங்களையும் விட்டுவிட்டுச் சிறகின் மேல் புள்ளிகளைக் குறிக்கும் முறைக்கு மாற வேண்டுமா? இப்போது கிடைத்திருக்கும் பிரிவு உண்மையானதா? எதிர்காலத்தில் யாராவது ஒரே ஓர் ஈயைக் கொண்டுவந்து கொடுத்தால், இந்தக் கணக்கைக் கொண்டு அதற்குப் பெயர் சொல்ல முடியுமா?

நரம்புச்சிறகி

தும்பி அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீளங்களும் விகிதங்களும் பயனற்றவை அல்ல. தேனீயின் முன்சிறகில் உள்ள ஒரு சிற்றறையின் நரம்பு இரண்டு துண்டுகளாகப் பிரியும் விகிதத்தை வைத்தே தேனீ வளர்ப்போர் நெடுங்காலமாக இனவகைகளை அடையாளம் கண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் விகிதத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. விகிதம் கூடியிருந்தால், மேலே உள்ள அளவு வளர்ந்ததா, கீழே உள்ள அளவு சுருங்கியதா என்பது அதில் தெரியாது. மேலும், விகிதமாக்கிவிட்டால் உடல் பருமனின் தாக்கம் நீங்கிவிடும் என்று பலரும் நம்புகிறோம். அது எப்போதும் உண்மையல்ல. பெரிய ஈ என்பது சிறிய ஈயைப் பெரிதாக்கிய நிழற்படம் அன்று. உடல் வளர வளரச் சில பகுதிகள் மற்றவற்றைவிட விரைவாக நீள்வதால், விகிதங்களும் பருமனோடு சேர்ந்தே மாறுகின்றன.

அடையாளப் புள்ளி முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. சிறகு நரம்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் எல்லா ஈக்களிலும் ஒரே உறுப்பின் ஒரே இடங்கள் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவை. வடிவ அளவீட்டு அறிஞர் பிரெட் புக்ஸ்டைன் 1991-இல் அடையாளப் புள்ளிகளை மூன்று வகையாகப் பிரித்தபோது, இத்தகைய சந்திப்புகளைத்தான் முதல் வகையில் வைத்தார். வளைவின் உச்சி போன்றவை அடுத்த நிலை. மிகத் தொலைவில் உள்ள முனை என்று அளந்து மட்டுமே சொல்லக்கூடியவை மூன்றாம் நிலை. உங்கள் ஈக்களின் சிறகில் முதல் வகைப் புள்ளிகளே போதுமான அளவு கிடைக்கும் என்பதால், விளிம்பில் தோராயமாகப் புள்ளி வைக்கும் நிலைக்குப் போகவேண்டிய தேவை இல்லை.

புள்ளிகளின் ஆயங்களை (ஒவ்வொரு புள்ளியும் இருக்கும் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்களை) பெற்றபின் செய்வது புரோகிரஸ்டஸ் ஒருங்கமைவு. விருந்தினரைத் தன் கட்டிலின் அளவுக்கு இழுத்தும் வெட்டியும் பொருத்திய கிரேக்கக் கதைக் கொள்ளையனின் பெயர் அது. ஆனால் இந்த முறை எதையும் வெட்டுவதில்லை. ஒவ்வொரு சிறகின் புள்ளிகளுக்கும் நடுமையத்தைக் கண்டு எல்லா மையங்களையும் ஒரே இடத்துக்கு நகர்த்துகிறோம். மையத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தொலைவின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது மையப் பருமன். அதனால் வகுத்து எல்லாவற்றையும் ஒரே பருமனாக்குகிறோம். பிறகு, ஒத்த புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவுகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையும் வரை சுழற்றுகிறோம். இடம், பருமன், திசை மூன்றும் கழிந்த பின் எஞ்சி நிற்பதே வடிவம். மையப் பருமன் தனி எண்ணாகக் கையில் இருப்பதால், வடிவ வேறுபாட்டில் எவ்வளவு பருமனைச் சார்ந்தது என்பதைப் பிறகு தனியே சோதிக்கலாம். மார்ஃபோஜே, ஆர் மொழியின் ஜியோமார்ஃப் ஆகிய மென்பொருள்கள் இவற்றை இலவசமாகவே செய்து தருகின்றன.

மென்பொருளைவிடச் சிறகைத் தகட்டில் வைக்கும் கைவேலைக்கே உங்கள் கவலையில் பெரும்பங்கைக் கொடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஊசியில் குத்திய ஈயின் சிறகை அப்படியே படமெடுத்தால் அது சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு படத்தில் சிறகைக் குறுக்கிக் காட்டும். நெருங்கிய சிற்றினங்களுக்கு இடையே உள்ள வேறுபாடோ அந்தக் குறுக்கத்தைவிடச் சிறியதாக இருக்கக்கூடும். ஆகவே சிறகைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டுக்கும் மூடுதகட்டுக்கும் இடையே தட்டையாகப் பதியுங்கள். எப்போதும் வலச்சிறகையே எடுங்கள். அது கிழிந்திருந்தால் இடச்சிறகின் படத்தை ஆடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒருவரே எல்லாப் புள்ளிகளையும் குறிக்க வேண்டும். குறிப்பவருக்கு எந்தப் படம் எந்தச் சிற்றினம் என்பது தெரியக்கூடாது. படங்களின் வரிசையும் கலைந்திருக்க வேண்டும். முதல் நாளில் ஒரு சிற்றினத்தையும் அடுத்த நாளில் மற்றொன்றையும் குறித்தால், கை பழகியதால் வரும் மாற்றமே சிற்றின வேறுபாடாகத் தோன்றும். சில நாள்கள் கழித்து எல்லாப் படங்களையும் மறுபடி குறித்து, ஒரே சிறகின் இரண்டு குறிப்புகளுக்கு இடையே உள்ள பிழை, ஈக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட மிகச் சிறியது என்று காட்டிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

எண்ணளவு

இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு என் பதில்.

பிரித்தறி பகுப்பாய்வின் வேலையே, நீங்கள் கொடுத்த கூட்டங்களை இயன்றவரை விலக்கிக் காட்டும் திசையைத் தேடுவதுதான். மாறிகள் மிகுந்து மாதிரிகள் குறைந்திருந்தால், எந்தக் கூட்டத்தையும் அதனால் பிரித்துக்காட்ட முடியும். உங்களிடம் 58 ஈக்களும் 28 விகிதங்களும் இருக்கின்றன. விகிதங்கள் இருபத்தெட்டானாலும் அவற்றுக்குள் இருக்கும் செய்தி எட்டு அளவுகளிலிருந்து வந்ததுதான். ஆனால் பகுப்பாய்வுக்கு நீங்கள் கொடுத்த சுதந்திரமோ மிகப் பெரிது.

பழைய எடுத்துக்காட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் பிரித்தறி சார்பை (அளவுகளைக் கொண்டு கூட்டத்தின் பெயரைச் சொல்லும் வாய்பாட்டை) அறிமுகப்படுத்தியபோது, மூன்று ஐரிஸ் சிற்றினங்களின் 150 பூக்களில் நான்கே நான்கு அளவுகளை வைத்திருந்தார். பூச்சிகளில் இதைப் பயன்படுத்திய லுபிஷேவ் 1962-இல் வெளியிட்டதும், இன்றும் பலர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதுமான துள்ளு வண்டுத் தரவில் மூன்று சிற்றினங்களைச் சேர்ந்த 74 வண்டுகளும் ஆறு அளவுகளும் இருக்கின்றன. மாதிரிகள் பல, அளவுகள் சில. புள்ளி முறைக்கு மாறினால் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது கூடவும் செய்யும். தளத்தில் குறித்த ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு ஆயங்கள். ஒருங்கமைவில், இடத்துக்கு இரண்டு, பருமனுக்கும் திசைக்கும் ஒவ்வொன்று என, மொத்தத்தில் நான்கு கழியும். ஆகவே 15 புள்ளிகளுக்கு 26 மாறிகள், 19 புள்ளிகளுக்கு 34 மாறிகள். புள்ளிகளைக் கூட்டினால் தெளிவு கூடும் என்ற எண்ணத்தில் முப்பது, நாற்பது என்று குறித்துக்கொண்டு போவதை நான் ஏற்பதில்லை.

நீங்கள் இன்றே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஈக்களின் அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு சிற்றினப் பெயர்களை மட்டும் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்து, அதே பகுப்பாய்வை நூறு முறை ஓட்டுங்கள். பெயர்கள் பொருளற்றவையாகிவிட்ட நிலையிலும் கூட்டங்கள் அழகாகப் பிரிந்து நின்றால், உங்கள் முதல் படத்தில் இருந்த இடைவெளியும் கணக்கு முறை உண்டாக்கியதுதான் என்பது புலப்படும். அடுத்து, ஓர் ஈயை விலக்கி வைத்துவிட்டு மீதி 57-ஐக் கொண்டு சார்பை அமைத்து, விலக்கிய ஈக்குப் பெயர் கேளுங்கள். இப்படியே 58 முறை செய்யுங்கள். இதைக் குறுக்குச் சரிபார்ப்பு என்போம். ஆய்வேட்டில் எழுதவேண்டிய விழுக்காடு இதிலிருந்து வருவதே. மாறிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் ஒவ்வொரு முறையும் விலக்கிய ஈயைப் பார்க்காமல் நடக்க வேண்டும். முன்கூட்டியே எல்லா ஈக்களையும் பார்த்து நல்ல மாறிகளைப் பொறுக்கிக்கொண்டு, பிறகு சரிபார்த்ததாகச் சொல்வது பலர் செய்யும் தவறு.

மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. இரண்டு சிற்றினங்களை மட்டும் கற்ற சார்பிடம் மூன்றாவது ஒன்றைக் கொடுத்தாலும், இரண்டில் ஒன்றின் பெயரையே அது சொல்லும். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல அதற்கு வழி இல்லை. அதனால் நிகழ்தகவை மட்டும் பார்க்காதீர்கள். 1936-இல் பி.சி. மகலனோபிசு வரையறுத்த, கூட்டத்தின் பரவலையும் கணக்கில் கொள்ளும் தொலைவை ஒவ்வொரு கூட்டத்தின் மையத்திலிருந்தும் கணக்கிட்டு, அந்தக் கூட்டத்தின் உறுப்பினர்கள் வழக்கமாக நிற்கும் எல்லைக்குள் புதிய ஈ நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு கூட்டங்களுக்கும் வெளியே வெகுதொலைவில் நிற்கும் ஈக்கு ‘99 விழுக்காடு டார்சாலிஸ்’ என்று விடை வருவது இயல்பாக நடக்கக்கூடியது; அந்த விடையை நம்பி ஒருவர் செயல்பட்டால் விளையும் தீங்கு சிறியதன்று.

தும்பி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்ணளவு அவர்கள் சொன்னபடி பெயர்களைக் கலைத்து நூறு முறை ஓட்டினேன். பல முறை, என் முதல் படத்துக்குச் சற்றும் குறையாத பிரிவு வந்தது. பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. ஒவ்வோர் ஈயாக விலக்கிச் சரிபார்த்தபோது 58-இல் 41 ஈக்களுக்கே சரியான பெயர் கிடைத்தது. சிறகுகளைத் தகட்டில் பதித்து முதலிலிருந்து தொடங்க முடிவு செய்திருக்கிறேன்.

இன்னொரு ஐயம். சரியாக வந்த 41-ஐயாவது உண்மையான சிற்றின வேறுபாடு என்று கொள்ளலாமா? நிகழ்வாய்ப்பால் கிடைத்திருக்கக்கூடியதைவிட இது கூடுதலாகத்தானே இருக்கிறது?

மூலமாதிரி

நீங்கள் இறுதியாகக் கேட்ட கேள்விக்கு வருத்தத்தோடு ‘கொள்ள முடியாது’ என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் கணக்கில் இல்லை, மாதிரிகளில் இருக்கிறது.

முதலாவதாக, மெத்தில் யூஜெனால் ஆண் ஈக்களை ஈர்க்கும் பொருள். ஆகவே உங்கள் டார்சாலிஸ் கூட்டம் பெரும்பாலும் ஆண்கள். பழத்திலிருந்து வளர்த்த கரம்போலே கூட்டத்திலோ ஆணும் பெண்ணும் கலந்திருக்கும். பழ ஈக்களில் சிறகின் பருமனும் வடிவமும் பாலுக்கேற்ப மாறுபடுபவை. உங்கள் சார்பு கற்றுக்கொண்டது ஆண் பெண் வேறுபாட்டையாக இருக்கலாம். இரண்டாவதாக, ஒரு கூட்டம் வெளியில் வளர்ந்தது, மற்றொன்று ஆய்வகத்தில் வளர்ந்தது. புழுப்பருவத்தில் கிடைத்த உணவும், பழத்துக்குள் இருந்த நெருக்கமும், வெப்பநிலையும் முதிர்ந்த ஈயின் உடலில் பதிந்துவிடுகின்றன. குளிர்ந்த சூழலில் வளர்ந்தவை பொதுவாகப் பெரியவையாக இருக்கும். மூன்றாவதே மிகக் கடுமையானது. உங்கள் ஈக்களுக்கு முதலில் பெயர் இட்டது எப்படி? கரும்பட்டையின் அகலத்தைப் பார்த்து என்றால், அதே அகலத்தை எட்டு அளவுகளில் ஒன்றாகவும் சேர்த்திருக்கிறீர்கள். கேள்வியிலேயே விடையை வைத்துவிட்டுக் கேள்வி கேட்பதாக அது முடியும்.

வடிவ அளவீட்டைப் பற்றி என் உறுதியான கருத்து இது: வேறொரு வழியில் முன்பே நிறுவப்பட்ட சிற்றினங்களுக்குள் ஒரு மாதிரியைச் சேர்க்க அது நல்ல கருவி, சிற்றினங்களை நிறுவ அது தனித்து நிற்கக்கூடிய சான்று அன்று. நீங்கள் எடுத்துக்கொண்ட ஈக்களின் வரலாறே இதற்குச் சான்று. கரம்போலே, பாப்பாயே, பிலிப்பினென்சிஸ் ஆகியவை 1994-இல் டார்சாலிஸிலிருந்து வேறானவை என்று விவரிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட ஈக்கு 2005-இல் இன்வேடன்ஸ் என்று பெயரிட்டார்கள். உருவத்தில் கண்ட நுண்ணிய வேறுபாடுகள் இந்தப் பிரிவுகளுக்குப் பெரிதும் அடிப்படையாக இருந்தன. பின்னர் உருவ அளவுகளோடு மரபணு, இனச்சேர்க்கைச் சோதனை, ஆண் ஈக்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கரம்போலே மட்டும் தனித்து நின்றது. மற்றவை டார்சாலிஸே என்று 2015-இல் ஒன்றாக்கப்பட்டன. தென்கிழக்காசிய ஈக்களின் சிறகு வடிவம் இடத்தின் தொலைவுக்கேற்பப் படிப்படியாக மாறுகிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியதும் இந்த முடிவுக்கு வலுச் சேர்த்தது. நெடுந்தொலைவில் இருக்கும் இரண்டு ஊர்களிலிருந்து மட்டும் மாதிரி எடுத்திருந்தால், அந்தப் படிமாற்றத்தின் இரண்டு முனைகளை இரண்டு சிற்றினங்கள் என்றே யாரும் எழுதியிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு சிற்றினத்துக்கும் பல இடங்களிலிருந்து மாதிரிகள் வேண்டும். இயன்றால் இரண்டும் சேர்ந்து வாழும் ஓர் இடத்திலிருந்தும் வேண்டும்.

வெள்ளை ஈயான பெமிசியா டபாசியின் கதை இன்னும் ஆழமானது. அதன் கூட்டுப்புழு உறையில் உள்ள மயிர்களும் விளிம்பின் வடிவமும், அது ஒட்டியிருந்த இலை மயிர் நிறைந்ததா வழுவழுப்பானதா என்பதைப் பொறுத்து மாறுகின்றன. இதை அறியாமல் வெவ்வேறு செடிகளில் எடுத்தவற்றுக்கு வெவ்வேறு பெயர் இட்டார்கள். 1957-இல் அவற்றுள் பல ஒரே சிற்றினம் என்று சேர்க்கப்பட்டன. ஆனால் மரபணுவைப் படித்தபோது, டபாசி என்ற அந்த ஒரு பெயருக்குள் உருவத்தால் பிரிக்கவே முடியாத சிற்றினங்கள் குறைந்தது 24 இருப்பதாக 2011-இல் எழுதினார்கள். உருவம் வேறுபட்ட இடத்தில் சிற்றினம் வேறுபடவில்லை. சிற்றினம் வேறுபட்ட இடத்தில் உருவம் வேறுபடவில்லை.

நம்பிக்கை இழக்க வேண்டாம். எந்த உறுப்பை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சிறு ஈயான ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் 1830-இல் விவரிக்கப்பட்டது. அதற்குள் மறைந்திருந்த சிமுலன்ஸ் சிற்றினத்தை மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் பிரித்தெடுத்தது 1919-இல். அவற்றின் பெண்களைக் கண்ணால் பிரிப்பது மிக அரிது. ஆணின் இனப்பெருக்க உறுப்பில் உள்ள ஒரு மடலோ, ஒன்றில் கொக்கிபோல் ஒடுங்கியும் மற்றொன்றில் அகன்று வளைந்தும், ஒரே பார்வையில் தெரியும்படி வேறுபடுகிறது. அத்தகைய மடலில் நரம்புச் சந்திப்புகள் போன்ற புள்ளிகள் இல்லை. அதன் வெளிவரையை முழுதாக எடுத்து, வளைவை அலைகளின் கூட்டாக எழுதும் ஃபூரியே முறையில் எண்களாக்குவார்கள். இனப்பெருக்க உறுப்புகள் உணவாலும் வெப்பத்தாலும் சிறகைவிடக் குறைவாகவே மாறுவதை நானும் என் மாதிரிகளில் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் பெண் ஈக்களின் முட்டையிடும் ஊசியை, விகிதங்களுக்குள் புதைத்துவிடாமல், தனியே ஒரு சான்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்புச்சிறகி

மூலமாதிரி அவர்கள் சொன்னவற்றை ஏற்கிறேன். பருமனைப் பற்றி மட்டும் ஒரு சொல். உணவால் மாறும் என்பதற்காக மையப் பருமனைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரே இடத்தில், ஒரே பழத்தில், ஒரே வெப்பநிலையில் வளர்த்த இரண்டு சிற்றினங்கள் பருமனில் வேறுபட்டால், அந்த வேறுபாடும் சான்றுதான். ஆகவே பருமனைச் சேர்த்து ஒரு முறையும், வடிவத்தில் பருமனைச் சார்ந்த பகுதியைக் கழித்துவிட்டு ஒரு முறையும் பகுப்பாய்வைச் செய்து, இரண்டு விடைகளையும் அருகருகே வெளியிடுங்கள்.

எண்ணளவு

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளர்ப்புச் சூழல் ஒன்றாக இல்லாத தற்போதைய 58 ஈக்களில் அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டாம்.

தும்பி

அப்படியானால் இந்த 58 ஈக்களையும் ஒதுக்கிவிட வேண்டுமா? பழங்களிலிருந்து வளர்த்தவற்றுள் ஆண்களும் இருக்கின்றன. பெயர் இட்டது நீங்கள் ஊகித்தபடி கரும்பட்டையைப் பார்த்துத்தான்.

மூலமாதிரி

ஒதுக்க வேண்டாம். ஒவ்வோர் ஈயிலிருந்தும் ஒரு காலை மட்டும் எடுத்து டி.என்.ஏ. பிரிக்கக் கொடுங்கள், மீதி உடல் முழுதும் உங்களிடமே இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் ஒரே மரபணுவை நம்பிப் பெயர் இடாதீர்கள். அண்மையில் பிரிந்த சிற்றினங்களில் அது இரண்டுக்கும் பொதுவாக இருக்கக்கூடும். இவ்விரண்டும் கூண்டில் கலந்து இனப்பெருக்கம் செய்பவை என்பதால், உட்கரு மரபணுக்களில் சிலவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விடை வரும்வரை சிறகுப் படங்களில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கட்டும். பிறகு ஆண்களை மட்டும் பிரித்து, டி.என்.ஏ. சொன்ன பெயர்களோடு சிறகு வடிவத்தை ஒப்பிடுங்கள். பழைய பெயரோடு எங்கெல்லாம் முரண்படுகிறது என்ற பட்டியலையும் ஆய்வேட்டில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: காலுக்கும், சிறகுத் தகட்டுக்கும், ஊசியில் நிற்கும் உடலுக்கும் ஒரே எண்ணை, ஈயிலிருந்து பிரிக்கும் அதே வேளையில், பென்சிலால் எழுதி இடுங்கள். மையால் எழுதிய சீட்டு ஆல்ககாலில் கரைந்து, எந்தச் சிறகு எந்த ஈயினுடையது என்று தெரியாமல் போன மாதிரிகள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.